மலைத் தெறிப்பும் பல ஏரியல்களும்

கேகாலை மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியிலே அமைந்தது தெரணியகலை. அவிசாவளையிலிருந்து சீதாவாக்கை ஆற்றை எதிர்த்து மேலேறும் பாதை இவ்வூரை அணுகும்போது சமநிலம் முடிந்து மலை தொடங்குகின்றது. கீழ்ச் சரிவுகளிலே இறப்பர். அதற்கு மேலே தேயிலை. அதற்கும் அப்பால் சிவனொளிபாத மலையை நோக்கி ஏறும் காடு. தோட்டத் தொழிலாளரின் லயங்கள் பல இச்சரிவுகளின் மடிப்புக்களிலே ஒதுங்கிக் கிடக்கின்றன. அதிகாலைப் பெரட்டுக்குத் தப்படித்து ஆள் கூட்டிய காலத்தில், மலை மடிப்பிலே நின்றவர் செவியில் ஒரே அடி இரண்டு மூன்று முறை விழுந்தது இயல்பு. முதல் ஒலி நேரே வந்தது. பின்னையவை எதிர்மலையிற் பட்டுத் திரும்பி வந்தவை. 340 மீற்றர் கூடுதலாகச் சுற்றி வரும் ஒலி ஒரு செக்கன் பிந்தி வந்து சேரும்.

கையடக்கத் தொலைபேசிக்குச் செய்தி கொண்டுவரும் வானலையும் இவ்வாறே மலையிலும் பாறையிலும் தகரக் கூரையிலும் பட்டுத் தெறிக்கின்றது. ஆயின் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். 300 மீற்றர் சுற்றி வந்த அலை செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே பிந்துகின்றது. மனிதனுக்கு அஃது ஒரு தாமதமே அன்று. செக்கனுக்குப் பல இலட்சம் குறிகளை வாங்கும் கருவிக்கோ அது பெரிய தாமதம். வானொலிப் பொறியியலாளர் இத்தெறிப்பை நெடுங்காலம் பகையாகவே கருதினர். அதனை ஒழிக்கவும் தவிர்க்கவும் வழி தேடினர். 1990 ஆம் ஆண்டுகளிலேதான், அதுவே செய்தியை இரட்டிப்பாகச் சுமந்து வரவல்லது என்பது தெளிவாயிற்று. அத்தெளிவு ஏற்படக் காரணமாயிருந்தவர்களுள் முதன்மையானவர் பொள்ளாச்சியிற் பிறந்த ஒரு தமிழர். அவர் கண்டது யாது என்பதையும், அஃது ஒரு மலை மடிப்பிலே எவ்வளவு உதவும், எவ்வளவு உதவாது என்பதையும் அறிந்துகொள்ளுதல் இன்று தோட்டப் பகுதிகளில் வாழ்வோருக்குப் பயன்தரும்.

முதலில் தொல்லையைப் பார்க்கலாம். லயத்தின் வாசற்படியிலே தொலைபேசி பேசுகின்றது. காம்பிராவுக்குள் இரண்டடி வைத்ததும் ஊமையாகின்றது. மேசையின் ஒரு மூலையிலே கிடைக்கும் சிக்னல் மறு மூலையிலே கிடைப்பதில்லை. இதனைப் பலர் கருவியின் குணக்கேடு என்று நினைப்பதுண்டு. உண்மையில் இஃது அலைகளின் கணக்கு. இலங்கையிலே தொலைபேசிச் சேவைக்கு வழங்கும் மீடிறன்களுள் ஒன்று 1800 மெகாஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 17 சதமமீற்றர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஒரே அலை இரு வழிகளால் வந்து ஒரு புள்ளியிற் கூடும்போது, ஒன்றின் முகடும் மற்றொன்றின் முகடும் பொருந்தினால் வலிமை மிகும். ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் அழிந்துபோம். இரு வழிகளின் நீளத்திலே அரை அலைநீளம், அதாவது எட்டுச் சதமமீற்றர் அளவு வேறுபாடு ஏற்பட்டாலே பொருத்தம் அழிவாக மாறும். எட்டுச் சதமமீற்றர் என்பது ஏறத்தாழ நாலு விரற்கடை. எனவே ஒரு காம்பிராவுக்குள்ளேயே அலை வலிதாகவும் அறவே இல்லாததாகவும் இருக்கும் இடங்கள் கோலப் புள்ளிகள்போல் நெருக்கமாகப் பரந்திருக்கின்றன.

இத்தொல்லை புதியதன்று. இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பைத் தமிழ்நாட்டிலும் பிறவிடங்களிலும் கேட்டு வந்த நேயர்கள், பாட்டு ஒருகாற் பெருகி எழுவதையும் ஒருகால் அமிழ்ந்துபோவதையும் நன்கறிவர். அங்கே தெறிக்கச் செய்தது மலையன்று; வானின் உயரத்திலுள்ள மின்னூட்டம் பெற்ற வளிமண்டலப் படை. அப்படை அசைந்துகொண்டேயிருத்தலின் வழிகளின் நீளமும் மாறிக்கொண்டேயிருந்தது. கடல் கடந்த தந்திச் செய்திகளைச் சிற்றலையில் வாங்கிய அமெரிக்க வானொலிக் கழகத்தின் பொறியியலாளரான பெவரேஜும் பீற்றர்சனும் இதற்கு ஓர் எளிய பரிகாரம் கண்டு 1931 இல் அதனை வெளியிட்டனர். ஓர் ஏரியலுக்குப் பதிலாக மூன்றினைச் சில நூறு மீற்றர் இடைவெளி விட்டு நாட்டினர். ஒன்றில் அலை அமிழும் வேளையில் மற்றவற்றிலும் அமிழ்தல் அரிது. அமிழாது நிற்பதைக் கொண்டு செய்தியை வாங்கினர்.

இதன் கணக்கு வியப்புக்குரியது. ஓர் ஏரியல் பத்து வேளைகளில் ஒரு வேளை செயலிழக்கின்றது எனக் கொள்வோம். ஒன்றோடொன்று தொடர்பின்றி ஏறியிறங்கும் இரண்டு ஏரியல்கள் ஒருங்கே செயலிழப்பது நூறு வேளைகளில் ஒருமுறை. மூன்று ஏரியல்கள் ஆயிரத்தில் ஒருமுறை. இதே நன்மையை அலைபரப்பியின் வலுவைக் கூட்டிப் பெறுவதாயின் பன்மடங்கு மின்சாரம் வேண்டும். இரண்டாவது ஏரியலின் விலையோ சில கம்பிகளின் விலை. பொறியியலிலே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் நன்மைகள் மிகச் சில.

இன்று தொலைபேசிக் கோபுரங்களை நிமிர்ந்து பார்ப்போர், உச்சியிலே நீண்ட பெட்டிகள் செங்குத்தாகத் தொங்குவதைக் காணலாம். அப்பெட்டியே ஏரியல் என்று சொல்வது வழக்கு, அன்ரனா என்பாருமுண்டு. பெரும்பாலான பெட்டிகளுள் ஏரியல் வரிசைகள் குறைந்தது இரண்டு உள்ளன. ஒரு வரிசை வலப்புறமாக 45 பாகை சாய்ந்தும், மற்றையது இடப்புறமாக அவ்வளவே சாய்ந்தும் நிற்கும். தொலைபேசியைச் சூழ எல்லாத் திசைகளிலிருந்தும் தெறிப்புக்கள் வருதலின் அங்கே நாலு விரற்கடை இடைவெளியே இரண்டு ஏரியல்களுக்குப் போதும். கோபுரத்தின் உச்சிக்கோ அலைகள் ஒரு குறுகிய கோணத்திலிருந்தே வந்து சேர்கின்றன. அங்கே பல அலைநீளங்களுக்கு விலக்கி வைத்தாலன்றி இரண்டும் ஒரேமாதிரி அமிழும். விலக்கி வைக்க இடமின்மையால் சாய்வை வேறுபடுத்தினர். தெறித்துத் தெறித்து வரும் அலை தன் சாய்வை இழந்து குழம்புதலின், வலச்சாய்வு ஏரியலுக்குக் கிட்டாதது இடச்சாய்வு ஏரியலுக்குக் கிட்டுகின்றது.

இந்த இரட்டைச் செவி தோட்டப் பகுதிகளுக்கு இன்றியமையாதது. கோபுரம் ஒவ்வோர் ஏரியலாலும் சில பத்து வாற்று வலுவிலே பேசவல்லது. கையிலுள்ள தொலைபேசியோ ஒரு வாற்றின் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாத வலுவிலே பேசுகின்றது. ஆதலின் முதலில் அறுந்துபோவது பெரும்பாலும் கீழிருந்து மேற்செல்லும் தொடர்பே. ஆசிரியரின் குரல் பிள்ளைக்குக் கேட்கின்றது. பிள்ளையின் விடை ஆசிரியரைச் சென்று சேர்வதில்லை. கோபுரத்தில் இரண்டு செவிகளுக்குப் பதிலாக நான்கு செவிகள் வைப்பின் இக்குறை பெரிதும் நீங்கும்.

இதுவரை சொல்லப்பட்டது ஒரு செய்தியைத் தவறாமற் பெறும் வித்தை. இரண்டு செய்திகளை ஒரே வேளையில், ஒரே மீடிறனில் அனுப்புவது வேறு வித்தை.

ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944 இலே பொள்ளாச்சியிற் பிறந்து இளமையிலேயே இந்தியக் கடற்படையிற் சேர்ந்தவர். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். 1971 டிசம்பரிலே நிகழ்ந்த போரில் குக்ரி என்னும் இந்தியப் போர்க்கப்பல் நீர்மூழ்கியொன்றின் தாக்குதலால் மூழ்கியது. பகை நீர்மூழ்கியை நீருக்கடியில் ஒலிகொண்டு கண்டுபிடிக்கும் சோனார் கருவியின் குறைபாட்டை அந்நிகழ்ச்சி வெளிப்படுத்திற்று. அதன்பின் கடற்படையின் சோனார்களைத் திருத்தும் பணியில் பால்ராஜ் ஈடுபட்டார். பின்னர் அப்சோ என்னும் புதிய சோனாரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். சோனார் என்பது பல செவிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றும் கேட்பதை ஒப்பிட்டு, ஒலி எத்திசையினின்று வருகின்றது எனத் துணியும் கருவி. கடலடியிற் செவிகளை அடுக்கிப் பழகியவர் வானலையில் ஏரியல்களை அடுக்க வந்தது தற்செயலன்று.

கடற்படையிலிருந்து விலகி 1990 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பால்ராஜ், நெருங்கியிருக்கும் இரண்டு அலைபரப்பிகளின் குறிகளைத் தனித்தனியே பிரித்தறியும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்பின் பிரித்தல் கடினம் என்பது பழைய பாடம். ஆனால் அலைகள் பல பொருள்களிற் பட்டுச் சிதறும் இடத்திலே பிரித்தல் எளிதாவதைக் கண்டார். அப்படியாயின் ஒரே இடத்திலிருந்தே வேண்டுமென்று இரண்டு செய்திகளை இரண்டு ஏரியல்களால் ஒரே மீடிறனில் அனுப்பினாலென்ன? இவ்வெண்ணத்துக்கு அவரும் அப்பல்கலைக்கழகத்தின் தோமஸ் கைலாத்தும் 1992 இலே காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1994 இலே பெற்றனர். அக்காப்புரிமை எழுதப்பட்டது ஒலிபரப்பு, ஒளிபரப்பு முதலானவற்றின் கொள்ளளவைப் பெருக்கும் பொருட்டு என்பது வானொலி நேயர்கள் குறித்துக்கொள்ளத் தக்கது.

பிரிக்கும் முறை பள்ளிக்கூட அட்சரகணிதமேயாம். அனுப்பும் செய்திகளை இரண்டு எண்கள் எனக் கொள்வோம். இரண்டும் காற்றிலே கலந்துவிடுகின்றன. வாங்கும் முதல் ஏரியலுக்கு முதலெண்ணின் இருமடங்கும் இரண்டாமெண்ணின் ஒரு மடங்கும் கூடி 11 ஆக வருகின்றது. சற்று விலகி நிற்கும் அடுத்த ஏரியலுக்கு முதலெண் ஒரு மடங்கும் இரண்டாமெண் மும்மடங்கும் கூடி 13 ஆக வருகின்றது. இரண்டு சமன்பாடுகள், தெரியாத எண்கள் இரண்டு. முதலெண் 4, இரண்டாமெண் 3 என்பதை எட்டாம் வகுப்பு மாணவன் கண்டுவிடுவான். மடங்குகள் எவை என்பது கருவிக்கு எவ்வாறு தெரியும்? இரு புறமும் முன்கூட்டியே அறிந்த மாதிரிக் குறிகளைக் கோபுரம் இடையிடையே அனுப்புகின்றது. அவை எவ்வாறு உருமாறி வந்தன என்பதிலிருந்து கருவி மடங்குகளை அறிந்துகொள்கின்றது. செக்கனுக்குப் பலநூறு தடவை இப்பரிசோதனை நடைபெறும்.

இங்கேதான் மலை துணைக்கு வருகின்றது. இரண்டாவது ஏரியல் கேட்பது முதலாவது கேட்டதன் நேர் இருமடங்காகவே இருப்பின், அதாவது 11 என்பதற்குப் பின் 22 என்று மட்டும் வருமாயின், புதிய சமன்பாடு கிடைத்ததாகாது, பிரித்தலும் இயலாது. வெட்டவெளியிலே கோபுரத்தை நேருக்குநேர் பார்த்து நிற்கும் கருவிக்கு, ஏரியல்களின் சாய்வை வேறுபடுத்தாவிடின், ஏறக்குறைய இந்நிலையே நேரும். மலையும் மரமும் கூரையும் சூழ்ந்த இடத்திலே ஒவ்வோர் ஏரியலும் வெவ்வேறு கலவையைக் கேட்கின்றது; சமன்பாடுகள் உண்மையாகவே வேறுபடுகின்றன. நான்கு ஏரியல்களால் அனுப்பி நான்கால் வாங்கினால் நான்கு செய்திகளைப் பிரிக்கலாம். எப்புறத்தில் ஏரியல்கள் குறைவோ அப்புறத்து எண்ணிக்கையே எல்லையாகும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பொஷ்சீனி 1996 இலும், தெலத்தார் அதனையொட்டிய ஆண்டுகளிலும் வெளியிட்ட கணிப்புக்கள் இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவின. தொடக்கத்தில் இவ்வெண்ணத்தை ஐயுற்றோர் பலர். பால்ராஜ் தாமே நிறுவனம் அமைத்து, கருவி செய்து காட்டினார். 2009 இலே வைஃபை விதிகளிலும், நான்காம் தலைமுறைத் தொலைபேசி விதிகளிலும் இம்முறை இடம்பெற்றது. 2010 இலே இந்திய அரசின் பத்மபூஷண் விருதும், 2014 இலே மார்க்கோனி பரிசும் அவரை அடைந்தன.

இலங்கையிலே நான்காம் தலைமுறைச் சேவை 2013 இலே பரவத் தொடங்கிற்று. அச்சேவைக்குரிய தொலைபேசிகளில் வாங்கும் ஏரியல்கள் குறைந்தது இரண்டு உள்ளன. ஓடு மூடியிருத்தலின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே மியனவிட்டையிலோ மாலிபொடையிலோ ஒருவர் கையிலெடுக்கும் கருவியும் பொள்ளாச்சித் தமிழரின் எண்ணத்தைச் சுமந்தே இயங்குகின்றது.

எனினும் இதனைப் பெருமையோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. இரண்டு செய்திகளை ஒருங்கே அனுப்பும்போது கோபுரத்தின் வலுவும் இரண்டாகப் பங்கிடப்படுகின்றது. அலை வலிதாயிருக்கும் இடத்திலே அப்பங்கீடு நட்டமன்று. மலை மறைவிலே, இரைச்சலுக்கு நடுவே நூலிழைபோல வந்து சேரும் அலையைப் பங்கிட்டால் இரண்டுமே கெடும். ஆதலின் கருவி தன் நிலையைக் கோபுரத்துக்கு அறிவித்தவுடன், கோபுரம் இரட்டைப் பேச்சை நிறுத்தி ஒரே செய்தியை இரண்டு ஏரியல்களாலும் அனுப்பும் பழைய காப்புமுறைக்குத் திரும்பிவிடுகின்றது. 1998 இலே அலமூத்தி என்பவர் வகுத்த முறையைத் தழுவி, இரண்டு குறிகள் முதல் தவணையில் ஓர் ஒழுங்கிலும், அடுத்த தவணையில் ஏரியல் மாறி, வேண்டிய குறிமாற்றத்துடனும் செல்லும். வாங்குபவர் இரண்டையும் கூட்டிக் கழித்து மீட்டுக்கொள்வார். வேகம் கூடாது, தொடர்பு அறாது. கொழும்பிலே இரட்டிப்பு வேகம் தரும் அதே கருவி, லயத்திலே அரும்பாடுபட்டு ஒற்றை வேகத்தைக் காத்துத் தருகின்றது. அலையே வந்து சேராத மடிப்பிலோ ஏரியல்களை எத்தனை பெருக்கினும் பயனில்லை. சுழியத்தை எத்தனையால் பெருக்கினும் சுழியமே.

மழையைக் குறைகூறும் வழக்கமும் இங்குண்டு. தெரணியகலை நாட்டிலே மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்றாதலின் அவ்வையம் எழுவது இயற்கை. 1800 மெகாஹேர்ட்ஸ் அலையை மழைத்துளிகள் தாமாக அதிகம் தடுப்பதில்லை. நனைந்த இலைகள் தடுக்கும். தை, மாசியில் இலையுதிர்த்து நிற்கும் இறப்பர்த் தோப்பு மழைக்காலத்துத் தோப்பைவிட அலைக்கு எளிதில் வழிவிடும். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே செய்தி கடத்தும் நுண்ணலைத் தொடர்போ பெரும்பாலும் மிக உயர்ந்த மீடிறனில் இயங்குவது. கனமழை அதனை நலிவிக்கும். மின்வெட்டும் சேர்ந்துகொண்டால் மழை பெய்ததும் சிக்னல் போயிற்று என்ற சொல் பிறக்கின்றது.

வீட்டுக் கூரையிலே வெளி ஏரியல் நாட்டி, கூடத்திலே றௌட்டர் வைத்துக்கொள்வோர் தோட்டங்களிலும் பெருகி வருகின்றனர். அவர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அத்தகைய றௌட்டர்கள் பலவற்றில் ஏரியலுக்குரிய வாய்கள் இரண்டு உண்டு. செலவை எண்ணி ஒன்றை மட்டும் இணைப்போர் இதுவரை கூறிய வித்தையின் பாதியைத் தாமே கைவிடுகின்றனர். இரண்டும் வேண்டும், இரண்டும் கோபுரம் நோக்கியிருக்க வேண்டும், ஒன்று வலப்புறமும் மற்றது இடப்புறமுமாக 45 பாகை சாய்ந்து நிற்க வேண்டும். கம்பியைத் தேவைக்குமேல் நீளவிட்டால், கூரையிலே பிடித்ததைக் கம்பியே குடித்துவிடும்.

2020, 2021 ஆம் ஆண்டுகளிலே கொவிட் நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் தொலைபேசிக்கு மாறியபோது, இக்கணக்குகளெல்லாம் ஏட்டை விட்டிறங்கிப் பிள்ளைகளின் காலடிக்கு வந்தன. இலங்கையின் மலைப் பகுதிகள் பலவற்றிலே மாணவர் சிக்னல் தேடிக் குன்றின்மீதும் மரத்தின்மீதும் ஏறினர். குன்றேறியது அறிவான செயலே. மறைவிலிருந்து கோபுரத்தின் பார்வைக்கு வருவதற்கு அதனின் மேலான வழியில்லை. ஆயினும் ஒரு பிள்ளை நடக்க வேண்டிய தூரத்தை ஒரு கோபுரம் நடந்திருக்கலாம். கோபுரமில்லாக் கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பின்னர் மேற்கொண்ட திட்டம் சப்ரகமுவையின் இரத்தினபுரி மாவட்டத்திலேயே தொடங்கப்பெற்றது.

கோபுரத்தை எங்கே நாட்டுவது என்பதும் ஏரியற் கணக்கேயாகும். லயங்கள் ஒட்டியிருக்கும் அதே மலையின் உச்சியில் நாட்டினால், உச்சியின் தோள் சரிவை மறைத்துவிடும்; ஊருக்கு மிக அருகிலே கோபுரம் நிற்க, லயம் நிழலிற் கிடக்கும். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவிலே நாட்டினால் தூரம் கூடினும் லயத்தின் வாசல் நேரே தெரியும். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த மீடிறன் மலைமுகட்டை வளைந்து கடப்பதில் 1800 ஐ விட வல்லது. ஐந்தாம் தலைமுறைக்கென ஒரே பெட்டியில் 64 அலைபரப்பிகளை அடுக்கும் முறை வந்துள்ளது. 2010 இலே மார்செத்தா என்பவர் தெளிவுபடுத்திய இம்முறை, சனநெருக்கம் மிகுந்த நகரிலே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கதிராக அலையைச் செலுத்த ஏற்றது. அத்தகைய பெட்டி முதலிற் செல்வது வருவாய் மிகுந்த நகரத்துக்கே. தெரணியகலை மலை மடிப்பு வேண்டுவது அவ்வளவன்று: எதிர்ச்சரிவில் ஒரு கோபுரம், தாழ்ந்த மீடிறனில் ஒரு வரிசை, மெலிந்த குரலைக் கேட்க நான்கு செவிகள்.